ஸ்டியரிங் லாக் திறக்கவில்லை: உடைத்து எடுத்துவிடலாமா?

11.01.2025, கேள்வி: கடலூர் ஆல்பேட்டை வாசகர்

என்னுடையது 2013 மாடல் கார், சாவி போட்டு ஓட்டுவது. கொஞ்ச காலமாகவே சாவி முரண்டு பிடிக்கிறது. இன்று மஞ்சக்குப்பத்தில் நிறுத்திவிட்டுப் போய்த் திரும்பினால் ஸ்டியரிங் கல்லாக நிற்கிறது, சாவி அசையவே இல்லை. பக்கத்திலிருந்த மெக்கானிக், "லாக்கை உடைத்து எடுத்துவிடலாம் சார், அது இல்லாமலே எத்தனையோ வண்டி ஓடுகிறது" என்கிறார். சரி என்று சொல்லிவிடலாமா?

11.01.2025, மாலை

உடைக்க விடாதீர்கள். மெக்கானிக்கைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள்.

ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் துளியும் நகராது, மறுபக்கம் கொஞ்சமாவது இளகும். இளகும் பக்கமாக இடது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே வலது கையால் சாவியைத் திருப்புங்கள். பலமெல்லாம் ஸ்டியரிங்கில் இருக்கட்டும், சாவியில் வேண்டாம். சாவியைக் கடைசி வரை உள்ளே தள்ளி, ஒரு நூல் அளவு வெளியே இழுத்தும் முயலுங்கள். தேய்ந்த சாவி சில நேரம் அந்த இடத்தில்தான் பிடிக்கும். குறடு வைத்துத் திருப்பலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சாவி உள்ளே முறிந்தால் சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும்.

முன்சக்கரம் நடைபாதை விளிம்பில் முட்டி நின்றால், நியூட்ரலில் போட்டு இரண்டு பேர் வண்டியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளட்டும். தள்ள இடமில்லை என்றால் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்குங்கள். வீட்டிலிருக்கும் இரண்டாவது சாவியை யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். அதைப் போட்டுப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரவேண்டாம்.

11.01.2025, இரவு

வண்டி வீடு வந்து சேர்ந்ததாம். நிம்மதி. பழைய சாவி கடைசிவரை அசையவில்லை, இரண்டாவது சாவி ஸ்டியரிங்கை இழுத்துப் பிடித்ததும் திரும்பிவிட்டது என்கிறார். இந்த ஒரு தகவலே பாதி நோயைச் சொல்லிவிடுகிறது. அதை நாளை எழுதுகிறேன். இழுத்துப் பிடித்தால் ஏன் திறக்கிறது என்பதை இப்போதே சொல்லிவிடலாம்.

சாவி நுழையும் உருளைக்குப் பின்னால், ஸ்டியரிங் தண்டை நோக்கியபடி ஓர் எஃகுத் தாழ் இருக்கிறது. அதைச் சுருள்வில் ஒன்று எப்போதும் தண்டை நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். சாவியை உருவியதும் தாழ் விடுபடும். தண்டிலுள்ள பள்ளம் நேராக வந்ததும் 'டக்' என்று உள்ளே இறங்கும். மறுபடி சாவியைத் திருப்பும்போது உருளையோடு சுற்றும் கேம் என்ற மேடுள்ள துண்டு தாழைப் பின்னுக்கு இழுக்கிறது. ஸ்டியரிங் ஒரு பக்கமாக முறுக்கேறி நின்றால் பள்ளத்தின் சுவர் தாழை நெரிக்கும். அந்த நெரிப்பை மீறி இழுக்கும் வலு கைச்சாவிக்குக் கிடையாது.

முறுக்கு டயரிலிருந்து வருகிறது. ஒடித்து நிறுத்திய டயர் தரையைப் பிடித்தபடி முறுகி நிற்கும், எஞ்சினை அணைத்ததும் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். புதுச்சேரியில் மிஷன் வீதி, காந்தி வீதிப் பக்கம் கார் நிறுத்துகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இருக்கிற சந்தில் மூக்கை நுழைத்து, சக்கரத்தை முழுக்க ஒடித்து, அப்படியே சாவியை உருவிக்கொண்டு இறங்குகிறோம். முறுக்கின் பாரம் முழுவதையும் அந்தத் தாழ்தான் சுமக்கிறது. நிறுத்தியபின் ஸ்டியரிங்கை நேராக்கிவிட்டு அணைத்தால் லாக்கின் ஆயுள் கூடும்.

12.01.2025, ஞாயிறு

இரண்டாவது சாவி திறந்ததால் தாழ் பிழைத்துக்கொண்டது, தேய்ந்தது சாவி என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம். உருளைக்குள்ளே மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் தனி வில் உண்டு. சாவியின் வெட்டுகள் அத்தனை தகடுகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தால்தான் உருளை சுற்றும். ஒரே ஒரு தகடு சற்று மேலே நின்றுவிட்டாலும் சுற்றாது. வருடக்கணக்கில் ஒரே சாவியைப் பயன்படுத்தினால் அதன் வெட்டுகள் மழுங்கும். அலமாரியில் தூங்கிய இரண்டாவது சாவி மட்டும் புதிதாகவே இருக்கும்.

இங்கே பலரும் ஏமாறுவது டூப்ளிகேட் விஷயத்தில். தேய்ந்த சாவியைக் கொடுத்து நகல் எடுத்தால் அதன் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். கார் வாங்கியபோது சாவிக்கொத்தோடு எண் பொறித்த சின்ன உலோகத் தகடு ஒன்று கொடுத்திருப்பார்கள். அந்த எண்ணை வைத்து வெட்டிய சாவிதான் தொழிற்சாலை அளவில் இருக்கும். தகடு தொலைந்திருந்தால், தேயாத இரண்டாவது சாவியைப் பார்த்து வெட்டச் சொல்லுங்கள்.

என் காருக்கு இதே தொல்லை வந்தபோது புதுச்சேரியில் தெருவோரம் உட்கார்ந்திருக்கும் சாவிக்காரர் ஒருவரிடம் போனேன். வயதானவர், எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒர்க்‌ஷாப்பில் கழற்றிக் கொடுத்த உருளையை அவர் செய்தித்தாளின் மேல் வைத்துத் தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு ஒரு தகட்டைத் திருப்பிக் காட்டி, "பாரும்மா, இந்த ஓரம் மட்டும் பளபளவென்று இருக்கிறது. உன் சாவிக்கொத்து கனம், அது கீழே இழுத்து இழுத்து இந்தப் பக்கமே தேய்ந்துவிட்டது" என்றார். வீட்டுச் சாவி, பீரோச் சாவி, பள்ளிக்கூட அறைச் சாவி எல்லாம் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. தேய்ந்த தகடுகளுக்குப் பதில் புதியவை போட்டு, பழைய வெட்டுக்கே பொருந்தும்படி அடுக்கிக் கொடுத்தார். கதவுக்கும் இக்னிஷனுக்கும் ஒரே சாவி என்பது அப்படியே நீடித்தது. இந்த வேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முழு லாக் செட் வாங்கும் முன் இவர்களைத் தேடிப் பாருங்கள்.

12.01.2025, இரவு

எண்ணெய் விடலாமா என்று கேட்டிருக்கிறார். தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், பழைய எஞ்சின் ஆயில் எதுவும் கூடாது. எண்ணெயில் தூசி ஒட்டும், தூசி தகடுகளைப் பிடிக்கும். கிராஃபைட் தூள் நல்லது. கிடைக்கவில்லையா, மென்மையான பென்சிலைச் சாவியின் இரண்டு பக்கமும் அழுத்தித் தேய்த்து, உள்ளே விட்டு எடுத்து விட்டு எடுத்துப் பாருங்கள். ஏற்கெனவே எண்ணெய் விட்டிருந்தால் அதன் மேல் கிராஃபைட் போடாதீர்கள், பசையாகிவிடும். முதலில் கழுவி உலரவிட வேண்டும்.

16.01.2025

பொங்கல் முடிந்து இன்னும் ஒர்க்‌ஷாப்புகள் திறக்கவில்லை. ஆற்றுத் திருவிழா கழியாமல் ஆட்கள் வரமாட்டார்கள். இதற்கிடையில் ஆல்பேட்டையிலிருந்து புதுச் செய்தி: இரண்டாவது சாவியும் இறுகத் தொடங்கிவிட்டது. கூடவே, கேள்வியில் இல்லாத ஒன்றையும் இப்போது சொல்கிறார். டிசம்பர் முதல் வாரம் அவர் வீட்டு வாசலில் நின்ற கார் வெள்ளத்தில் மாட்டியிருக்கிறது. தண்ணீர் இருக்கை வரை ஏறியதாம்.

இது கணக்கையே மாற்றுகிறது. நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அதையடுத்துச் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்துக் கடலூரின் தாழ்வான பகுதிகளுக்குள் புகுந்தது. இருக்கை வரை வந்த தண்ணீர் உருளை உயரத்துக்கு ஏறியிருக்காது. ஆனால் தரைவிரிப்பும் அதன் அடியிலுள்ள பஞ்சும் ஊறியிருக்கும். கண்ணாடியை ஏற்றிவைத்த காருக்குள் அந்த ஈரம் ஆவியாகி மேலே குளிர்ந்த உலோகத்தில்தான் படியும். உருளையின் தகடுகள் பித்தளை, அவை தாக்குப்பிடிக்கும். தாழும் வில்லும் எஃகு, அவற்றில் துரு ஏறும். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் அது இன்னும் விரைவாக ஏறும்.

எனவே ஞாயிற்றுக்கிழமை எழுதியதைச் சற்றுத் திருத்திக்கொள்ளுங்கள். சாவித் தேய்மானம் உண்மைதான், ஆனால் அதனோடு தாழும் இறுகிக்கொண்டிருக்கலாம். கண்டறியும் வழி இது. சாவி 'லாக்' நிலையைவிட்டு நகரவே இல்லை, ஸ்டியரிங்கில் முறுக்கும் இல்லை என்றால் குறை பெரும்பாலும் உருளையில். சாவி 'ஆன்' வரை சுலபமாகப் போய் விளக்குகளும் எரிந்து, ஸ்டியரிங் மட்டும் பூட்டியே இருந்தால் தாழோ அதை இழுக்கும் கேமோ கெட்டிருக்கிறது. ஸ்டியரிங் விடுபட்டு, சாவியும் சுற்றி, எஞ்சின் மட்டும் எழும்பாமல் டேஷ்போர்டில் சாவிப் படம் மின்னினால் லாக்கைத் தொடவே வேண்டாம், அது இம்மொபிலைசர் பிரச்சினை. சாவிக்குள் இருக்கும் சிப்பை அடையாளம் கண்டால்தான் எஞ்சினை எழுப்பவிடும் மின்னணுப் பூட்டு அது.

தாழ் இறுகிய வண்டியை ஒர்க்‌ஷாப் திறக்கும்வரை எடுக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பஸ்ஸில் போங்கள்.

19.01.2025

வில்லியனூரிலிருந்து ஒருவர்: தன் காரில் சாவித் துவாரமே இல்லை, பொத்தானை அழுத்தினால் ஸ்டியரிங் லாக் எச்சரிக்கை எரிகிறது, எஞ்சின் எழும்பவில்லை, என்ன செய்வது?

அந்த வகையில் தாழை இழுப்பது ஒரு சின்ன மோட்டார். தாழ் முழுக்க உள்ளே போய்விட்டது என்று சுவிட்ச் ஒன்று தகவல் கொடுத்தால்தான் கட்டுப்பாட்டுப் பெட்டி ஸ்டார்ட் செய்ய அனுமதிக்கும். பொத்தானை அழுத்தும்போது ஸ்டியரிங்குக்கு அடியில் காதை வையுங்கள். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் திறக்கவில்லை என்றால் முறுக்கு இருக்கலாம். ஸ்டியரிங்கை இடமும் வலமும் அசைத்துக்கொண்டே அழுத்துங்கள். சத்தமே இல்லையென்றால் முதல் சந்தேகம் பேட்டரி. அதற்கடுத்தது மோட்டாரின் பிரஷ். ஒருவர் பொத்தானை அழுத்த, இன்னொருவர் லாக் பெட்டியை ஸ்குரூடிரைவரின் பிடியால் மெல்லத் தட்டினால் சில நேரம் உயிர் வரும். அப்படி உயிர் வந்தால் நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். மறுமுறை தட்டினால் வரும் என்று நம்பிச் சிதம்பரத்துக்கோ சென்னைக்கோ கிளம்ப வேண்டாம்.

புதிய பெட்டி மாட்டினால் அதை அந்தக் காரோடு ஸ்கேனர் வைத்துப் பதிவு செய்ய வேண்டும். வேறு காரிலிருந்து கழற்றியதைப் போட்டால் பல மாடல்களில் வேலை செய்யாது.

19.01.2025, சற்று நேரம் கழித்து

பேட்டரிதானாம். வேறொரு காரிலிருந்து ஒயர் கொடுத்ததும் திறந்துவிட்டது. அந்தப் பேட்டரியை மாற்றிவிடுங்கள் சார்.

25.01.2025

'உடைத்து எடுத்தால் என்ன குடிமுழுகிவிடும்' என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

என் அக்கா வீட்டுக்காரரின் காரில் லாக் இறுகியபோது, அரியாங்குப்பத்தைத் தாண்டி ஓர் ஒர்க்‌ஷாப்பில் தாழின் முனையை மட்டும் ரம்பத்தால் அறுத்துவிட்டு, மீதியை உள்ளேயே விட்டு மூடிவிட்டார்கள். செலவு குறைவு, வேலை முடிந்தது என்று மாமாவும் மகிழ்ந்தார். சில மாதம் ஒன்றும் இல்லை. ஒருநாள் வீட்டுக் கேட்டிலிருந்து வண்டியை வெளியே திருப்பும்போது ஸ்டியரிங் பாதியில் நின்றுவிட்டது. அறுத்த தாழின் மிச்சத்தை வில் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. அது பள்ளத்தின் விளிம்பில் சாய்வாக மாட்டிக்கொண்டது. நடை வேகத்தில் போனதால் கேட் தூணில் பம்பர் உரசியதோடு போயிற்று. அக்காவும் பிள்ளைகளும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். தவளக்குப்பம் தாண்டிக் கடலூர் சாலையில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே போய்க்கொண்டிருக்கும்போது அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

தொழிற்சாலையில் இந்த லாக்கைச் செய்கிறவர்கள் பெரும்பாடு படுவது ஒரே விஷயத்துக்காகத்தான்: ஓடும்போது தாழ் எந்தக் காரணத்தாலும் வெளியே வரக்கூடாது. எஞ்சின் அணைந்து ரேடியோ போன்றவை மட்டும் வேலை செய்யும் 'ஏசிசி' நிலையிலிருந்து 'லாக்' நிலைக்குச் சாவியை உள்ளே அழுத்தித்தான் திருப்ப முடியும் என்று பல கார்களில் வைத்திருப்பதும், சாவியை உருவினால்தான் தாழ் விடுபடும் என்பதும் அதற்காகவே. ரம்பம் அந்தப் பாதுகாப்பு எதையும் அறியாது.

இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் குறை நேர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் 1997 முதல் 2004 மாடல் வரையிலான கார்வெட் கார்களை 2004இல் ஜெனரல் மோட்டார்ஸ் திரும்ப அழைத்தது. மின்சார ஸ்டியரிங் லாக் திறக்காமலே வண்டி நகர்ந்துவிடும் ஆபத்து இருந்தது. 2014இல் அதே நிறுவனத்தின் இன்னொரு விவகாரம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அங்கே குறை தாழில் இல்லை, இக்னிஷன் சுவிட்சில். கனமான சாவிக்கொத்தோ ஒரு குலுக்கலோ போதும், ஓட்டத்திலேயே சாவி 'ஆன்' நிலையைவிட்டு நழுவும். எஞ்சின் அணையும், பவர் ஸ்டியரிங் போகும், விபத்தில் ஏர்பேக் விரியாது. இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. பாய் என் சாவிக்கொத்தைப் பற்றிச் சொன்னதை இதோடு சேர்த்துப் படியுங்கள். நான் அன்றிலிருந்து கார் சாவியைத் தனியாகத்தான் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று: சரிவில் எஞ்சினை அணைத்து உருட்டிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். பாலத்திலிருந்து இறங்கும்போது சிலர் செய்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

02.02.2025

'இந்த லாக்கால் திருட்டு நிற்கிறதா?' நியாயமான கேள்வி. தனியாக நின்று தடுக்காது என்பதே என் பதில். அமெரிக்கா 1970 முதல் கார்களுக்குத் திருட்டுத் தடுப்பு ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. அந்த விதியே ஸ்டியரிங்கைப் பூட்டலாம் அல்லது வண்டி தன் எஞ்சின் வலுவில் முன்னே நகராமல் தடுக்கலாம் என்று இரண்டு வழிகளைத் தருகிறது. ஐரோப்பாவில் 1998 அக்டோபர் முதல் புதுக் கார்களில் இம்மொபிலைசரும் கட்டாயம். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2022 வாக்கில் அமெரிக்காவில் பார்த்தார்கள். இம்மொபிலைசர் இல்லாத கியா, ஹூண்டாய் கார்களின் சாவி உருளையைப் பெயர்த்துவிட்டு, யுஎஸ்பி ஒயரின் முனையைச் செருகித் திருப்பியே பையன்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள்.

ஆனால் உங்கள் கார் பழையதாக இருந்து அதில் சிப் சாவி இல்லையென்றால், உங்களுக்கு இருக்கும் ஒரே காவல் இந்தத் தாழ்தான். அதையும் பிடுங்கிவிட்டுத் தெருவில் எப்படி நிறுத்துவீர்கள்? கார் திருடு போனால் காப்பீட்டு நிறுவனம் இரண்டு சாவிகளையும் கேட்பது வழக்கம். லாக்கை உடைத்த வண்டி என்று தெரிந்தால் அங்கே வாக்குவாதம்தான் மிஞ்சும். லாக் மாற்றினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், பழைய சாவிகளையும் தூக்கி எறியாதீர்கள்.

03.02.2025

சிப் சாவி உள்ளவர்களுக்கு: உருளையை மட்டும் மாற்றினால், அதைச் சுற்றியிருக்கும் வளையச் சுருளை அப்படியே புதிய உருளையில் மாட்டச் சொல்லுங்கள். சாவியிலுள்ள சிப்பைப் படிப்பது அதுதான். புதுச் சாவி வெட்டினால் சிப்பையும் காரோடு பதிவு செய்ய வேண்டும். பதிவாகாத சாவி ஸ்டியரிங்கைத் திறக்கும், எஞ்சினை எழுப்பாது.

14.03.2025

ஆல்பேட்டை வண்டி ஒருவழியாகச் சரியாகிவிட்டது. உதிரி பாகம் வருவதற்குள் மாசி மகமே வந்துவிட்டது. கழற்றியபோது எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறார். தாழின் பக்கவாட்டில் செம்பழுப்பாகத் துருப் பொருக்கு. வில்லின் கடைசிச் சுற்று ஒடிந்து, அந்தத் துண்டு தாழுக்கும் கூட்டுக்கும் இடையே செருகிக் கிடக்கிறது. அன்று மஞ்சக்குப்பத்தில் சுத்தியலை எடுத்திருந்தால் இது யார் கண்ணுக்கும் பட்டிருக்காது.

அவர் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுச் செய்ய வைத்தவை இனிச் செய்கிறவர்களுக்கும் உதவும். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருந்தார்கள். ஸ்டியரிங்கில் ஏர்பேக் இருக்கிறது, அந்த மஞ்சள் ஒயரை விளையாட்டாகத் தொடக்கூடாது. லாக் கூட்டைத் தண்டோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் தலை உடையும் வகை. இறுக்கி முடிக்கும்போது தலை தானாக முறிந்து, ஸ்பேனர் பிடிக்க இடமில்லாமல் போகும். திருடன் கழற்றக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பழையதைத் துளையிட்டோ உளியால் தட்டியோதான் எடுக்க முடியும். மாட்டும்போது மறுபடியும் அதே வகை புதிய போல்ட்டுகளைப் போட்டு, தலை முறியும்வரை இறுக்க வேண்டும். சாதாரண போல்ட்டைப் போட்டு மூடிவிடும் இடங்கள் உண்டு. மூடியைத் திருப்பிப் பொருத்தும் முன் உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். முடிந்ததும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்து, பல தடவை பூட்டித் திறந்து பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தாராம். தரைவிரிப்பையும் கழற்றி வெயிலில் போடச் சொல்லியிருக்கிறேன். அடியிலுள்ள பஞ்சு காயாவிட்டால் புதிய வில்லுக்கும் இதே கதிதான்.

15.03.2025

பண்ருட்டியிலிருந்து நேற்றிரவு வந்த கேள்விக்கு: உங்களுடையது ஆட்டோமேட்டிக் கியர் என்கிறீர்கள். சாவி 'லாக்' நிலைக்குத் திரும்பவில்லை, வெளியே வரவும் மாட்டேன் என்கிறது என்றால் ஸ்டியரிங் லாக்கைச் சந்தேகிக்கும் முன் கியர் நெம்புகோலைப் பாருங்கள். அது 'பி' நிலையில் முழுக்க உட்காராவிட்டால் சாவி வராது. காலை பிரேக்கில் வைத்து, நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்து மறுபடி 'பி'யில் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். அப்போதும் வரவில்லையென்றால் எந்த மாடல், எந்த வருடம், நெம்புகோல் அருகே காசோ குப்பையோ விழுந்திருக்கிறதா என்று எழுதுங்கள்.